ஏழு முறை பார்த்தவன்



மழை வேண்டித்தான் இன்று இந்தத் திருப்பலியை ஒப்புக்கொடுக்கிறோம். ஐப்பசி பிறந்தாயிற்று. கரிசல் காட்டில் பருத்தியும் மக்காச்சோளமும் வாடிக்கொண்டு நிற்கின்றன. வெங்காயம் போட்டவர்கள் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்து பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரம்பலூர், அரியலூர் பக்கம் கொள்ளிடக் கரையையும் ஏரிப் பாசனத்தையும் விட்டால் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. அதனால் மேகம் வருகிற பகுதிகளாகப் பார்த்து இன்றைய வாசகங்களை எடுத்தேன். முதல் வாசகம் அரசர்கள் முதல் நூல் 18ஆம் அதிகாரம். நற்செய்தி லூக்கா 12ஆம் அதிகாரம், 54 முதல் 56 வரை.

முதல் வாசகத்தைக் கேட்கிறபோது நம் கவனமெல்லாம் எலியாவின் மேல் போய்விடுகிறது. இன்றைக்கு அவரைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு அவருடைய பணியாளனைப் பார்ப்போம். கர்மேல் மலை உச்சி. பல ஆண்டுகளாக மழையில்லாத நாடு. இறைவாக்கினர் தரையில் குனிந்து, முழங்கால்களுக்கு நடுவே முகத்தை வைத்துக்கொண்டு கிடக்கிறார். அந்த நிலையில் ஒருவரால் வானத்தைப் பார்க்க முடியாது. பார்க்கும் வேலையைப் பணியாளனிடம் ஒப்படைத்துவிட்டார். அந்த ஆளுக்குப் பெயர்கூட எழுதப்படவில்லை. அவன் செபித்ததாகவும் எழுதப்படவில்லை. செபித்தவர் பார்க்கவில்லை, பார்த்தவன் செபித்ததாகத் தெரியவில்லை. இருவரும் சேர்ந்துதான் அந்த மலையில் மழைக்காகக் காத்திருந்தார்கள்.

அவன் போய்க் கடலைப் பார்க்கிறான். திரும்பி வந்து ஒன்றுமில்லை என்கிறான். மறுபடி அனுப்புகிறார். மறுபடியும் ஒன்றுமில்லை. இப்படி ஆறு தடவை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சற்று முன்புதான் அதே மலையில் வானத்திலிருந்து நெருப்பை இறக்கியவர் எலியா. அப்படிப்பட்டவர் மழை வரும் என்று அரசனிடமே சொல்லிவிட்டார். அவர் முன்னால் வந்து நின்று ‘ஒன்றுமே இல்லை’ என்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? மூன்றாவது தடவையிலேயே, ‘லேசா கருக்கிற மாதிரி இருக்குங்க சாமி’ என்று சொல்லியிருப்போம். பெரியவர் மனசு நோகக் கூடாது என்று நமக்கு ஒரு நல்லெண்ணம். அந்த நல்லெண்ணத்தில் சொன்ன பொய்தான் எத்தனை குடும்பங்களைக் கெடுத்திருக்கிறது.

ஏழாவது தடவை ஒரு மேகம் தெரிகிறது. அப்போதும் அவன் மிகைப்படுத்தவில்லை. மனிதனின் கையளவுதான் இருக்கிறது என்கிறான். எலியாவுக்கு அது போதுமாயிருந்தது. தேரைப் பூட்டச் சொல்லி அரசன் ஆகாபுக்கு ஆள் அனுப்பிவிட்டார். ஆறு தடவை இல்லாததை இல்லை என்று சொன்னவன் என்பதால்தான் ஏழாவது தடவை அவன் சொன்ன கையளவு மேகத்தை நம்ப முடிந்தது.

கையளவு என்றானே, அந்த அளவுகோல் இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. மேகம் பார்க்கப் பழகுகிறவர்களுக்கு முதலில் சொல்லித் தருவது இதைத்தான்: கையை முழுக்க நீட்டி வானத்துக்கு நேராகப் பிடியுங்கள். மேகத்தின் ஒவ்வொரு திரளும் மூடிய கை அளவுக்கு இருந்தால் அது தாழ்ந்து நிற்கும் மேகம். கட்டைவிரல் அளவு என்றால் நடு உயரம். சுண்டுவிரலுக்கும் சிறிதாகத் தெரிந்தால் மிக உயரத்தில் இருப்பது. வானிலை நிலையத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவரும் இதைச் செய்கிறார், பள்ளிக்கூடப் பிள்ளையும் செய்கிறது.

அந்தப் பணியாளனைப் போன்றவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் நிற்கும் இடம் பூமியின் இரண்டு ஓரங்களிலும் இருக்கும் பனிக்கடல். அன்டார்க்டிகாவைப் பார்க்க இப்போது ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் கப்பலில் போகிறார்கள். 2022-23 பருவத்தில் ஒரு லட்சத்தையும் தாண்டிவிட்டது. அந்தக் கப்பல்களில் சிலவற்றில், பென்குவின் பார்த்து முடித்த பயணிகளை மேல்தளத்தில் நிறுத்தி, வழிகாட்டிகள் ஒரு வேலை கொடுக்கிறார்கள். வானத்தை நான்கு திசையிலும் படம் எடு. தலைக்கு மேலே ஒரு படம். காலுக்குக் கீழே ஒரு படம், அங்கே இருப்பது பனியா, நீரா, பாறையா என்று தெரிய. எவ்வளவு வானத்தை மேகம் மூடியிருக்கிறது, அது கீற்று மேகமா, படை மேகமா, திரள் மேகமா, வெயில் ஊடுருவுகிறதா என்று குறி. ‘குளோப் அப்சர்வர்’ என்ற செல்பேசிச் செயலி வழியாக இந்தக் குறிப்பு நாசாவுக்குப் போகிறது. ‘குளோப்’ என்பது பள்ளி மாணவர்களுக்காக 1995இல் தொடங்கிய திட்டம். இன்று 120க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன, இந்தியாவும் ஒன்று. பொதுமக்கள் யாரும் சேரலாம் என்று 2016இல் இந்தச் செயலியைக் கொண்டுவந்தார்கள். நீங்கள் பார்த்த நேரத்தை ஒட்டிச் செயற்கைக்கோள் ஏதாவது அந்த வானத்தைக் கடந்திருந்தால், அது மேலிருந்து கண்டதும் நீங்கள் கீழிருந்து கண்டதும் எப்படிப் பொருந்துகின்றன என்று உங்களுக்கே பதில் எழுதுகிறார்கள்.

‘செயற்கைக்கோள் இருக்கும்போது சுற்றுலாப் பயணியின் கண் எதற்கு?’ என்று கேட்கத் தோன்றும். நானும் அதைத்தான் முதலில் கேட்டேன். துருவங்களுக்கு மேலே செல்லும் செயற்கைக்கோள்கள் ஒவ்வொரு சுற்றிலும் அந்த வட்டாரத்தைக் கடக்கின்றன, நாளொன்றுக்குச் சுமார் பதினான்கு தடவை. பூமியில் அவை மிக அதிகமாகப் பார்க்கும் இடம் அதுதான். குழம்பிப்போகும் இடமும் அதுதான். கீழே பனி வெள்ளை, மேலே மேகமும் வெள்ளை. சரி, வெப்பத்தை வைத்துப் பிரிக்கலாம் என்றால், மற்ற இடங்களில் தரையைவிட மேகத்தின் உச்சி குளிர்ந்திருக்கும். துருவத்திலோ பல நாள் பனித்தரை மேகத்தைவிடக் குளிர்ந்து கிடக்கும், கணக்கு தலைகீழாகிவிடும். மாதக்கணக்கில் சூரியன் வராத காலத்தில் வெளிச்சப் படமே கிடையாது. 2006 ஏப்ரலில் ஏவிய கலிப்சோ என்ற செயற்கைக்கோள் லேசர் ஒளியை அனுப்பி மேகத்தின் அடுக்குகளை அளந்தது. 2023இல் அதன் பணி முடிந்தது. 2024 மே மாதம் ஐரோப்பியரும் ஜப்பானியரும் சேர்ந்து எர்த்கேர் என்ற இன்னொன்றை அனுப்பியிருக்கிறார்கள். எவ்வளவு அனுப்பினாலும், உயரத்தில் ஓர் அடர்ந்த மேகம் நின்றால் அதன் அடியில் என்ன தவழ்கிறது என்பது கப்பல் தளத்தில் நடுங்கிக்கொண்டு நிற்பவருக்குத்தான் சட்டென்று தெரியும்.

மேலிருந்து பார்ப்பது மட்டும் போதாது. இது நம் விசுவாசத்துக்குப் புதிய செய்தி இல்லை. விண்ணிலிருந்து நம்மை அறிந்திருந்த கடவுள் பெத்லகேமில் பிறந்து, நாசரேத்தின் தச்சுக்கூடத்தில் நின்று, கீழிருந்தும் வானத்தைப் பார்த்தார். அதனால்தான் இன்றைய நற்செய்தியில் மேற்கே எழும் மேகத்தையும் தெற்கிலிருந்து வீசும் காற்றையும் ஓர் உழவனைப்போல அவரால் பேச முடிகிறது.

இந்தக் கப்பல் விஷயத்தில் எனக்கு ஒரு நெருடலும் உண்டு. பல லட்ச ரூபாய் கொடுத்து, எண்ணெயை எரித்துக்கொண்டு பனிக்கடலுக்குப் போய், அங்கே பனி உருகுவதைப் பற்றிக் குறிப்பெடுப்பது கொஞ்சம் விசித்திரம்தான். ஆனாலும் போகிறவர்கள் போகத்தான் போகிறார்கள். போன இடத்தில் தன்னைப் படமெடுத்துக்கொண்டிருந்த ஒருவன் பத்து நிமிடம் வானத்தைப் படமெடுத்தால், அந்தப் பத்து நிமிடமாவது அந்த இடத்துக்குச் சொந்தம்.

அங்கே மேகம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். நம் ஊரில் மேகம் வந்தால் வெயில் குறையும். துருவத்தில் பெரும்பாலும் நேர்மாறு. கீழே கிடக்கும் பனியே வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, மேகம் வந்து கூடுதலாகத் தடுப்பதற்கு அதிகம் இல்லை. இருண்ட மாதங்களில் தடுக்க வெயிலே இல்லை. ஆகவே மேகம் அங்கே ஒரு கம்பளியைப்போலப் பனித்தரையின் வெப்பத்தைப் பொத்தி வைக்கிறது. 2012 ஜூலையில் கிரீன்லாந்தின் பனிப்பரப்பு ஏறத்தாழ முழுவதும் மேல்தோல் உருகியது. பின்னால் ஆராய்ந்தபோது, அந்த நாட்களில் தாழ நின்ற மெல்லிய மேகங்களுக்கு அதில் பங்கு இருந்தது தெரிந்தது. வெயிலை உள்ளே விடும் அளவுக்கு மெல்லியவை, வெப்பத்தை வெளியே விடாத அளவுக்குத் தடித்தவை. கண்ணுக்கு ஒன்றுமில்லாதது போல் தோன்றும் ஒரு மேகம்! அப்படிப்பட்டதைக் கண்டு ‘மெல்லிய படை மேகம், தாழ்ந்தது’ என்று ஒருவர் நேர்மையாகக் குறித்தால் அதற்கு எவ்வளவு மதிப்பு இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கதையில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. ஜார்ஜ் சிம்ப்சன் என்பவர் சிம்லாவில், இந்திய வானிலைத் துறையில் வேலை பார்த்தவர். 1910இல் கேப்டன் ஸ்காட் தென்துருவத்துக்குப் புறப்பட்டபோது இவர் வானிலையாளராகக் கூடப்போனார். 1912இல் இந்தியாவுக்கே வேலைக்குத் திரும்பினார். அன்டார்க்டிகாவில், பூஜ்யத்துக்கும் இருபது டிகிரிக்கு மேல் கீழே இறங்கிய குளிரில், மூடுபனிக்குள் ஒரு வெள்ளை வில்லை அவர் கண்டார். வானவில்லின் தம்பி அது. நீர்த்துளியில்தான் அப்படி வில் விழும், பனிப்படிகத்தில் விழாது. அப்படியானால் அந்தக் கொடுங்குளிரிலும் துளிகள் உறையாமல் நீராகவே மிதக்கின்றன என்று அவர் முடிவுகட்டினார். கருவி சொல்லித் தரவில்லை, கண் சொல்லித் தந்தது. உறையாத அந்த நீரைச் சரியாகக் கணக்கில் கொண்டுவர முடியாமல்தான் இன்றைய பெரிய கணினிகளும் தென்கடல் மேகங்களைப் பற்றித் தப்பும் தவறுமாகச் சொல்லிவந்திருக்கின்றன.

மேகம் பார்த்த குருவானவர்களும் உண்டு. ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னை ஆலயத்தை எழுப்பிய வீரமாமுனிவரை நாம் அறிவோம், அவர் இயேசு சபைக் குருவானவர். அதே சபையைச் சேர்ந்த பெனித்தோ வின்யெஸ் என்பவர் 1870இல் கியூபா நாட்டு ஹவானாவுக்கு வந்து, அங்கிருந்த கல்லூரியின் வானிலைக் கூடத்துக்குப் பொறுப்பேற்றார். மிக உயரத்தில் ஓடும் கீற்று மேகங்கள் எந்தப் பக்கம் விரிகின்றன என்று நாள்தோறும் பார்த்து எழுதிவைத்தார். மற்றத் தீவுகளிலும் ஆட்களைப் பார்க்கச் சொல்லி, தந்தி வழியாகச் செய்தி வாங்கினார். 1875 செப்டம்பரில் புயல் வருகிறது என்று முன்கூட்டியே அறிவிப்பு வெளியிட்டார். செபமாலை சொல்லிய அதே மனிதர்தான் காலையும் மாலையும் வானத்தை எழுதினார். அவருக்கு இரண்டும் முரண்படவில்லை. நமக்கு மட்டும் ஏன் முரண்பட வேண்டும்?

வானிலை நிலையங்களில் மேகத்தை எப்படிக் குறிக்கிறார்கள் தெரியுமா? வானத்தை எட்டுப் பங்காக மனதில் பிரித்துக்கொள்கிறார்கள். பாதி மூடியிருந்தால் நான்கு. முழுக்க மூடியிருந்தால் எட்டு. உலகெங்கும் இதுதான் முறை, அன்டார்க்டிகாவில் நம் நாட்டின் மைத்ரி, பாரதி நிலையங்களிலும் இதே முறைதான். ஒரு மேகமும் இல்லையென்றால் பூஜ்யம் என்று எழுத வேண்டும், கட்டத்தைக் காலியாக விடக் கூடாது. காலிக் கட்டம் என்றால் யாரும் பார்க்கவில்லை என்று பொருள். பூஜ்யம் என்றால் ஒருவர் வெளியே வந்து, நிமிர்ந்து, பார்த்து, இல்லை என்று உறுதி செய்திருக்கிறார். எட்டுக்கு மேலே ஒன்பது என்றும் ஒரு குறி உண்டு. மூடுபனியோ பனிப்புயலோ மறைத்து வானமே தெரியவில்லை என்பதற்கு அது. மேகம் இருக்கிறதா இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை என்று எழுதுவதற்கும் ஓர் எண் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்!

நம் பேச்சில் இந்தப் பூஜ்யமும் ஒன்பதும் குறைந்துகொண்டே வருகின்றன. நிலத் தகராறில் சாட்சி சொல்லப் போகிறோம். ‘நீ பார்த்தாயா?’ என்றால், பார்க்காததையும் உறவுக்காகப் பார்த்தேன் என்கிறோம். ஒரு பெண்பிள்ளையைப் பற்றி ஊரில் பேச்சு கிளம்புகிறது. ‘எனக்குத் தெரியாது’ என்று ஒருவர் சொல்லியிருந்தால் அந்தத் திண்ணையோடு நின்றிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் உருவானால் வாட்ஸ்அப்பில் எங்கிருந்தோ ஒரு படம் வருகிறது, எந்த ஆண்டுப் படமோ, எந்த ஊர் வெள்ளமோ. பத்துக் குழுவுக்கு அனுப்பிவிட்டுத்தான் நமக்குத் தூக்கம். பொய்ச் சாட்சி சொல்லாதே என்ற கட்டளையை நீதிமன்றக் கூண்டுக்கு மட்டும் உரியதாக ஆக்கிவிட்டோம். ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வருகிறவர்கள் கோபத்தைச் சொல்கிறார்கள், குடியைச் சொல்கிறார்கள். காணாததைக் கண்டதாகச் சொன்னேன் என்று யாரும் பாவமாக நினைப்பதாகவே தெரியவில்லை.

பனிக்கண்டம் எங்கோ இருக்கிறது, அரியலூருக்கும் அதற்கும் என்ன உறவு என்று கேட்டால், பழைய உறவு ஒன்றும் புதிய உறவு ஒன்றும் உண்டு. நம் நாட்டின் கிழக்குக் கரையும் அன்டார்க்டிகாவும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்த நிலம். பதின்மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாக்கில் பிரியத் தொடங்கின. பிரிந்த இடைவெளியில் கடல் புகுந்தது. அந்தக் கடலின் சிப்பியும் நத்தையும்தான் இன்று நம் சுரங்கக் குழிகளில் கல்லாகக் கிடைக்கின்றன. வாரணவாசியில் அவற்றுக்கென்றே அருங்காட்சியகம் கட்டியிருக்கிறார்கள். சாத்தனூர் கல்மரத்தைப் பார்க்காதவர் பெரம்பலூர்க்காரர் இல்லை. 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதை உலகத்துக்குச் சொன்னார்.

புதிய உறவு கொஞ்சம் கசப்பானது. அந்தச் சிப்பிக் கடலின் அடியில் படிந்த சுண்ணாம்புக்கல்லை வெட்டி எடுத்து, சூளையில் சுட்டு, சிமெண்ட் செய்கிறோம். சுடும்போது எரிபொருளின் புகை மட்டும் வெளியேறுவதில்லை, கல்லுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த கரியமில வாயுவும் வெளியேறுகிறது. உலகம் வெளிவிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழு, எட்டுப் பங்கு சிமெண்ட் தொழிலால் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த வாயுவுக்கு ஊர் எல்லை தெரியாது. 1979 முதல் வடதுருவம் உலகச் சராசரியைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடாகிவருகிறது என்று 2022இல் வெளியான ஆய்வு சொல்கிறது. வடதுருவ மாற்றங்கள் நம் பருவமழையை எப்படித் தொடுகின்றன என்று ஆராய்வதை, 2022 மார்ச்சில் வெளியிட்ட ஆர்க்டிக் கொள்கையிலேயே இந்திய அரசு ஒரு நோக்கமாக வைத்திருக்கிறது. கோவாவில் உள்ள துருவ ஆய்வு மையம் வடதுருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்டில் 2008 முதல் ஹிமாத்ரி நிலையத்தை நடத்துவதும் வேடிக்கைக்காக இல்லை.

இதைச் சொல்லும்போது இந்தக் கோயிலில் உட்கார்ந்திருக்கும் சில முகங்கள் வாடுவது எனக்குத் தெரிகிறது. உங்களில் பலர் வீட்டில் அடுப்பெரிவதே ஆலைச் சம்பளத்தால்தான், லாரி வாடகையால்தான். இந்தக் கோயில் கோபுரமும் சிமெண்டில் கட்டியதுதான். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் இதைச் சொல்லவில்லை. கண்ணால் காண்பதை இல்லை என்று சொல்லாதிருக்கவே சொல்கிறேன். தூசு விழுகிறது என்றால் விழுகிறது. கிணற்று நீர் இறங்கிவிட்டது என்றால் இறங்கிவிட்டது. கிராமசபையில் எழுந்து நின்று, எந்த நாள், எந்த இடம், எவ்வளவு என்று சொல்லுங்கள். ஆத்திரத்தில் பத்தை நூறாக்க வேண்டாம், பயத்தில் பத்தைப் பூஜ்யமாக்கவும் வேண்டாம். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் நம் பொதுவீட்டைப் பற்றி ‘லவுதாத்தோ சி’ மடலை எழுதியபோது, முதல் அதிகாரத்தில் இறையியல் பேசவில்லை. பூமிக்கு என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று பார்ப்பதிலிருந்துதான் தொடங்கினார்.

இப்போது நற்செய்திக்கு வருவோம். இயேசு வாழ்ந்த நாட்டில் கடல் மேற்கே இருந்தது. மேற்கே மேகம் எழும்பினால் மழை. தெற்கே பாலைவனம், அங்கிருந்து காற்று வந்தால் வெக்கை. நமக்கு ஐப்பசியில் கடல் கிழக்கே, மழையும் கிழக்கிலிருந்து. ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று மண்ணை வாரித்தான் போகிறது. திசை மாறினாலும் அவர் சொன்னது பொருந்துகிறது. அந்த மக்கள் வானத்தைத் தவறாகப் படித்தார்கள் என்று ஆண்டவர் எங்கேயும் சொல்லவில்லை. நன்றாகவே படிக்கிறீர்கள் என்று ஒப்புக்கொள்கிறார். அந்தத் திறமையை வைத்துக்கொண்டு, கண்முன் நிற்கும் காலத்தை மட்டும் படிக்க மறுக்கிறீர்களே என்றுதான் கடிந்துகொள்கிறார். வெளிவேடக்காரர் என்ற கடுஞ்சொல்லை அவர் பயன்படுத்துவது அறியாதவர்களைப் பார்த்து இல்லை, அறிந்தும் அறியாததுபோல் இருக்கிறவர்களைப் பார்த்து.

நம்மிடம் அந்தத் திறமை இருக்கிறது. எந்த மூலையில் மின்னினால் எத்தனை நாழிகையில் மழை என்று சொல்லும் பெரியவர்கள் இந்தக் கோயிலில் இருக்கிறீர்கள். ‘எங்களுக்கா சாமி மேகம் பார்க்கக் கத்துக்கொடுக்கிறீங்க?’ என்று நீங்கள் கேட்டால் எனக்குப் பதில் இல்லை. பார்ப்பதில் நீங்கள்தான் குரு, நான் சீடன். நாம் பார்த்ததை எழுதிவைக்கவில்லை என்பதுதான் குறை. போன ஐப்பசி முதல் வாரம் எப்படி இருந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. ஞாபகம் நம் விருப்பத்துக்கு வளைந்து கொடுக்கும், எழுத்து அப்படி வளையாது. சபை உரையாளர் நூலில் ஓர் எச்சரிக்கையும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: மேகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் அறுவடை செய்ய மாட்டான் என்கிறார் அவர். ஆகவே நாள் முழுக்கப் பார்க்கச் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் போதும்.

பார்த்து எழுதுவது நமக்கு முற்றிலும் புதிதும் இல்லை. கரைவெட்டி ஏரிக்கு இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வருகின்றன. அந்த ஏரி 2024 ஜனவரியில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது. பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவை எண்ணுகிறார்கள். அதில் ஆசிரியர், மாணவர், கடைக்காரர் எல்லாரும் உண்டு. பறவை வராத குளத்தில் ‘பறவை இல்லை’ என்று எழுதினாலும் அது கணக்கில் சேர்கிறது.

ஆகவே ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். இந்த ஞாயிறு முதல், திருப்பலி முடிந்ததும் மறைக்கல்விப் பிள்ளைகள் கோயில் முற்றத்தில் நிற்பார்கள். நான்கு திசையும் பார்த்து, நேரத்தைக் குறித்து, வானத்தில் எட்டில் எத்தனை பங்கு மேகம் என்று ஒரு நோட்டில் எழுதுவார்கள். மேகம் இல்லையென்றால் பூஜ்யம், தெரியவில்லையென்றால் ஒன்பது. பக்கத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும், பெயர் தெரியாத மேகத்துக்கு ஊர்ப் பெயரைச் சொல்லித் தர. செல்பேசி வைத்திருக்கும் இளையோர் குளோப் அப்சர்வர் செயலியை இறக்கிக்கொண்டால், நம் முற்றத்து வானமும் பனிக்கடல் வானத்தோடு ஒரே கணக்கில் சேரும். நோட்டு சக்ரிஸ்தியில் இருக்கும், யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

மழைக்காக நாம் செய்யும் செபம் தொடரட்டும். இன்றைக்கும் நாளைக்கும் வானம் வெறுமையாகவே இருந்தாலும் அதை ஆண்டவரிடம் அப்படியே சொல்லுங்கள், அவரிடம் நயமாகப் பேச வேண்டிய தேவையில்லை. பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பிள்ளைகள் சூரியனை நேராகப் பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இடிச் சத்தம் கேட்டால் எழுதியது பாதியில் நின்றாலும் பரவாயில்லை, எல்லாரும் உடனே கோயிலுக்குள் வந்துவிடுங்கள்.